கிராமைக் கப்பாக மாற்றியபின் பண்டம் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிராம் கணக்கில் எழுதப்பட்ட செய்முறையைத் தராசு இல்லாமல் செய்து பார்க்கிறவர்கள், எல்லாப் பொருளையும் கப்பிலும் கரண்டியிலும் மாற்றி அளந்த பிறகும் பண்டம் கெட்டுப்போனால், பெரும்பாலும் அடுப்பின் மீதோ செய்முறையின் மீதோதான் பழியைப் போடுகிறார்கள். பிழை அளவு மாற்றத்திலேயே நேர்ந்திருக்கக்கூடும் என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிழையும் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் ஒளிந்திருக்கும்: கப் எவ்வளவு கொள்கிறது என்பதில், கணக்கிடும்போது எடுத்துக்கொண்ட எண்ணில், அல்லது கப்பை நிரப்பிய கையில். இந்த மூன்றும் பண்டத்தில் விடும் தடயங்கள் வெவ்வேறானவை என்பதால், எது கெட்டது, எப்படிக் கெட்டது என்று பார்த்தாலே தேட வேண்டிய இடம் ஓரளவு தெரிந்துவிடும்.

கணக்கு எளியதுதான். எடையைக் கிராமில் எடுத்துக்கொண்டு, ஒரு மில்லிலிட்டர் இடத்தில் அந்தப் பொருள் எத்தனை கிராம் பிடிக்கும் என்ற எண்ணால் வகுத்தால், தேவையான மில்லிலிட்டர் கிடைக்கிறது. தண்ணீருக்கு அந்த எண் 1. பாலுக்கு 1.03, சமையல் எண்ணெய்க்கு 0.92, தேனுக்கு ஏறத்தாழ 1.42, மணல்போன்ற வெள்ளைச் சர்க்கரைக்கு 0.85, தளர்வாக நிரப்பிய மைதாவுக்கு 0.5 அளவில், கோகோ தூளுக்கு 0.4 அளவில், தூள் உப்புக்கு 1.2 அளவில் வரும். திரவங்களின் எண்ணை நம்பலாம். தூள்களின் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றித்தான் கீழே பெரும்பகுதி பேசப்போகிறேன்.

முதலில் கப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒரு லிட்டர் என்று அச்சிட்ட மூடிய தண்ணீர் பாட்டிலை எடுத்து, உங்கள் கப்பை நிரப்பி நிரப்பி வேறொரு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே எண்ணுங்கள். நான்கு கப்பில் பாட்டில் காலியானால் கப் 250 மி.லி. நான்கு கப்புக்குப் பிறகு ஏறத்தாழ 40 மி.லி., அதாவது மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, மிஞ்சினால் 240 மி.லி. சரியாக ஐந்து கப் வந்தால் 200 மி.லி. ஊற்றும்போது தண்ணீர் விளிம்புக்கு மேல் உப்பி நிற்க விடாதீர்கள். பரப்பு இழுவிசையால் அது சிந்தாமல் மேடுகட்டி நிற்கும், அந்த மேட்டில் ஒவ்வொரு கப்புக்கும் சில மில்லிலிட்டர் கூடிவிடும்.

இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், 'ஒரு கப்' என்ற சொல்லுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு கிடையாது என்பதே. அமெரிக்க வழக்கக் கப் 236.6 மி.லி.; அங்கேயே ஊட்டச்சத்து விவரத்தாளில் அது 240 மி.லி. ஆஸ்திரேலியாவில் 250 மி.லி. பழைய பிரிட்டிஷ் செய்முறைகளில் வரும் அரை பைண்ட் 284 மி.லி. ஜப்பானியச் செய்முறையின் கப் 200 மி.லி.; அரிசி வேக வைக்கும் மின்பாத்திரங்களுடன் வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி. இந்தக் கடைசிக் கப்பை அளவுக்கப் என்று நம்பிப் பயன்படுத்துகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், 240 மி.லி. கப்போடு ஒப்பிட்டால் அதில் கால் பங்கு குறைகிறது.

அறிகுறி: கேக் வறண்டு உதிர்கிறது, ரொட்டி மாவு பிசையவே முடியாமல் இறுகுகிறது

மற்ற எல்லாம் சரியாக இருந்து பண்டம் மட்டும் வறட்சியாக, கனமாக வருகிறது என்றால், மாவு அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணம் பத்தில் எட்டு முறையாவது கப்பை மாவுக்குள் நேரே அமுக்கி மொண்டதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஒரு சிறு சோதனையில் இது கண்முன் தெரிந்துவிடும். மாவை முள்கரண்டியால் கிளறித் தளர்த்திக்கொண்டு, கரண்டியால் கப்பில் மெதுவாகப் போட்டு, கத்தியின் நேரான முதுகால் தலைதட்டுங்கள். இப்போது அந்தக் கப்பை மேடைமீது பத்து முறை மெல்லத் தட்டுங்கள். விளிம்போடு விளிம்பாக இருந்த மாவு, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி கீழே இறங்கியிருக்கும். மாவு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இடையில் இருந்த காற்றுதான் வெளியேறியது. இதே சோதனையைச் சர்க்கரையில் செய்தால் மட்டம் அவ்வளவாக இறங்காது. சர்க்கரைப் படிகங்கள் கனமானவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை. விழும்போதே தத்தம் இடத்தில் அமர்ந்துவிடுகின்றன. மாவின் துகள்களோ நுண்மையானவை. அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவே பெரிய பெரிய காற்றுப் பொந்துகளைத் தாங்கி நிற்கும். தளர்வாக நிரப்பிய ஒரு கப் மாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான். அந்தக் காற்றில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை உங்கள் கைதான் முடிவு செய்கிறது.

எண்ணிக்கையில் சொன்னால், அமெரிக்கக் கப் ஒன்றில் கரண்டியால் போட்டுத் தலைதட்டிய மைதா 120 கிராம் அளவில் இருக்கும். அதே கப்பை மாவுப் பைக்குள் விட்டு மொண்டால் 140, 150 கிராம் வரை போகும். சலித்த மாவை நேராகக் கப்பில் விழ விட்டால் 120-க்கும் கீழே இறங்கும். 360 கிராம் மாவு கேட்கும் செய்முறையை மூன்று கப் என்று சரியாகவே கணக்கிட்டுவிட்டு, மொண்டு அளந்தால் 450 கிராம் விழுந்துவிடலாம். கூடுதலாக விழுந்த 90 கிராம், முக்கால் கப் மாவுக்குச் சமம். அவ்வளவு மாவு கூடிய பிறகு எந்த அடுப்பாலும் அந்தக் கேக்கைக் காப்பாற்ற முடியாது.

இதற்குத் தீர்வாக எல்லோரும் சொல்வது, எப்போதும் கரண்டியால் போட்டுத் தலைதட்ட வேண்டும் என்பது. அது சரியான அறிவுரைதான். ஆனால் கரண்டியால் போடுவதிலும் ஒருவர் கை இன்னொருவர் கையைப்போல இருப்பதில்லை. ஆகவே ஊரார் எண்ணைக் கடன் வாங்குவதைவிட உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். அதற்குத் தராசு வேண்டாம்; எடை அச்சிட்ட ஒரு கிலோ மாவுப் பை போதும். பையைப் பிரித்து மாவு முழுவதையும் அகலமான பாத்திரத்தில் கொட்டித் தளர்த்துங்கள். பிறகு, நீங்கள் வழக்கமாக எப்படி அளப்பீர்களோ அப்படியே, அவசரமும் படாமல் கூடுதல் கவனமும் எடுக்காமல், கப் கப்பாக அளந்து எண்ணுங்கள். எட்டு கப்பும் மூன்றில் ஒரு பங்கும் வந்தால் உங்கள் கப் 120 கிராம். ஏழு கப் வந்தால் 143 கிராம். ஆறு கப்பும் மூன்றில் இரண்டு பங்கும் வந்தால் 150 கிராம். கிடைத்த எண்ணை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அதன்பின் எந்தச் செய்முறை வந்தாலும் கிராமை அந்த எண்ணால் வகுத்தால் போதும். 143 கிராம் கப் வைத்திருப்பவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலேயே சரியாகச் சமைக்கலாம். ஒரே விதமாக அளப்பதுதான் முக்கியம்.

ஒரு குறிப்பு. நேற்றுச் சரியாக வந்தது இன்று இறுகிவிட்டது என்றால், மாவு பையின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். மேலுள்ள மாவின் பாரத்தில் அடிமாவு படிந்து கெட்டிப்பட்டிருக்கும். அளப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் கிளறித் தளர்த்துவது இதற்காகத்தான்.

அறிகுறி: கேக் குழம்பாகவே நிற்கிறது, பிஸ்கட் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

இது முந்தைய அறிகுறிக்கு நேர் எதிரானது, மாவு குறைந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தால் கிராமையும் மில்லிலிட்டரையும் ஒன்றாக எண்ணிவிட்டீர்கள் என்று பொருள். நானும் தொடக்கத்தில் இந்தக் குழியில் விழுந்தவன்தான்: 250 கிராம் மாவு என்பதைக் கண்ணாடி அளவுக்குவளையில் 250 என்ற கோடுவரை நிரப்பி எடுத்தேன். அதில் விழுந்தது ஏறத்தாழ 125 கிராம். இந்தப் பிழையின் அடையாளம், அது எல்லாப் பொருளையும் ஒரே அளவில் பாதிக்காது என்பதே. மாவு பாதியாகும், 200 கிராம் சர்க்கரை 170 கிராமாகக் குறையும், 200 கிராம் எண்ணெய் 184 கிராமாகும், 200 கிராம் தேனோ 285 கிராம் அளவுக்கு ஏறிவிடும். மாவு பெரிதும் குறைந்து, சர்க்கரையும் எண்ணெயும் சற்றே குறைந்து, தேன் மட்டும் திகட்டினால், வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சில அளவுக்குவளைகளில் ஒரு பக்கம் மில்லிலிட்டரும், இன்னொரு பக்கம் 'மாவு - கிராம்', 'சர்க்கரை - கிராம்' என்ற கோடுகளும் இருக்கும். அந்தக் கோடுகளைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்; வரைந்தவர் எப்படி நிரப்பினார் என்பது குவளையில் எழுதியிருக்காது.

இதே பாதிக்குப் பாதிக் குறைவு அவுன்ஸ் கணக்குள்ள செய்முறைகளிலும் வரும். எட்டு அவுன்ஸ் என்றால் ஒரு கப் என்று பலருக்கு மனப்பாடம். அது திரவ அவுன்ஸ், பருமனைக் குறிப்பது. மாவுக்குச் சொல்லப்படும் அவுன்ஸ் எடை. ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். எட்டு அவுன்ஸ் மாவு என்பது 227 கிராம், அதாவது 120 கிராம் கப்பில் இரண்டு கப்புக்குச் சற்றே குறைவு. தண்ணீருக்கு இரண்டு அவுன்சும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம் நீங்காமல் இருக்கிறது.

மாவு பாதியைவிடவும் கீழே, கால் பங்கு அளவுக்குப் போயிருந்தால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள். 200 கிராம் மாவை 0.5-ஆல் வகுத்தால் 400 மி.லி.; பெருக்கினால் 100 மி.லி. இதைத் தடுக்க ஒரு சரிபார்ப்பு உண்டு. தண்ணீரைவிட லேசான பொருளுக்கு மில்லிலிட்டர் எண், கிராம் எண்ணைவிடப் பெரியதாக வர வேண்டும். தேன், உப்பு போன்ற கனமான பொருளுக்குச் சிறியதாக வர வேண்டும். விடை இதற்கு மாறாக இருந்தால் கணக்கை மீண்டும் போடுங்கள்.

குறைவு சிறிதளவுதான், பிஸ்கட் பரவுகிறது ஆனால் வெந்துவிடுகிறது என்றால், சலித்த மாவுக்குரிய நிலையில் அளந்திருக்க வாய்ப்புண்டு. 'சலித்த மாவு ஒரு கப்' என்பதும் 'மாவு ஒரு கப், சலித்தது' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் சலித்துவிட்டு அளக்க வேண்டும்; பின்னதில் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். கிராமில் எழுதிய செய்முறைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சலித்தாலும் எடை மாறுவதில்லை. கப்பாக மாற்றும் நாம்தான் அளந்த பிறகு சலிப்பது என்று ஒரு முறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: எதுவும் பெரிதாகக் கெடவில்லை, ஆனால் எல்லாமே சற்று விலகி நிற்கிறது

இது கப்பின் கொள்ளளவு சார்ந்த பிழை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. செய்முறையில் உள்ள எல்லாப் பொருளையும் அதே தவறான கப்பால் அளந்திருந்தால், அவற்றுக்கிடையே உள்ள விகிதம் கெடவே கெடாது. பண்டம் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும், அவ்வளவுதான். கெடுவது எப்போது என்றால், கப்பால் அளக்காத பொருள்கள் நடுவில் வரும்போதுதான். முட்டை எண்ணிக்கையில் வருகிறது, ஈஸ்ட் பொட்டலமாக வருகிறது, பேக்கிங் பவுடர் கரண்டியில் வருகிறது. இவை கப்போடு சேர்ந்து பெருகுவதோ சுருங்குவதோ இல்லை. ஆகவே 237 மி.லி. கப்புக்காகக் கணக்கிட்ட அளவை 250 மி.லி. கப்பில் எடுத்தால், மாவும் சர்க்கரையும் பாலும் ஐந்து, ஆறு சதவீதம் கூடி, முட்டையும் பேக்கிங் பவுடரும் அப்படியே நிற்கும். அதை நாக்கு பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 284 மி.லி. கப்பில் எடுத்தால் வேறுபாடு ஐந்தில் ஒரு பங்காகி, கேக் எழும்பாமல் அடர்த்தியாக அமர்ந்துவிடும்.

கரண்டிக்கும் இதே விதி. தேக்கரண்டி பொதுவாக 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி.; ஆஸ்திரேலியாவில் மட்டும் மேசைக்கரண்டி 20 மி.லி. சாப்பாட்டு மேசையில் கிடக்கும் கரண்டிகளுக்கு எந்த அளவும் விதிக்கப்படவில்லை என்பதால் அவற்றை அளக்கப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

அறிகுறி: உப்பு தூக்கலாக இருக்கிறது, அல்லது சோப்பு போன்ற கசப்பு தட்டுகிறது

சிறிய அளவில் சேரும் பொருள்களில்தான் சிறிய பிழை பெரிதாகத் தெரியும். உப்பில் நேரும் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் அதன் பரல். தூள் உப்பு தலைதட்டிய ஒரு தேக்கரண்டியில் 6 கிராம் பிடிக்கும். செதில் செதிலான பெரும்பரல் உப்பில் சில வகைகள் அதே கரண்டியில் 3 கிராம்தான் பிடிக்கும், ஏனெனில் செதில்களுக்கு நடுவே காற்று நிறைந்திருக்கிறது. 10 கிராம் உப்பு என்றால் தூளில் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த தேக்கரண்டி. லேசான செதிலில் மூன்றேகால் தேக்கரண்டிக்குச் சற்று மேல். பெரும்பரலுக்கான அளவைத் தூள் உப்பில் போட்டால் கரிப்பு இரு மடங்காகிவிடும். பட்டியலில் எந்த உப்பு என்று சொல்லாமல் விட்டிருந்தால் குறைவான அளவையே எடுங்கள். உப்பைப் பின்னால் சேர்க்கலாம், எடுக்க முடியாது.

சோப்புக் கசப்பும், மேற்புறம் வழக்கத்தைவிட அதிகமாகச் சிவப்பதும் சமையல் சோடா கூடியதன் அடையாளம். ஒரு தேக்கரண்டி சோடா ஏறத்தாழ 5 கிராம். பேக்கிங் பவுடர் 4 முதல் 5 கிராம். உடனடி ஈஸ்ட் 3 கிராம் அளவில் இருக்கும், அதனால்தான் 7 கிராம் பொட்டலத்தை இரண்டேகால் தேக்கரண்டி என்கிறார்கள். இங்கே கணக்கு தவறுவதைவிடக் கரண்டி குவிவதுதான் வழக்கம். குவித்த தேக்கரண்டி, தலைதட்டியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு பிடிக்கக்கூடும். சோடா டப்பாவின் விளிம்பிலேயே கரண்டியை இழுத்துத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

கிராம் கிராமாகக் காட்டும் சாதாரண மின்னணுத் தராசு இருந்தால்கூட இந்தப் பொருள்களுக்கு அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. 3 என்று அது காட்டும்போது உண்மையில் இரண்டரையும் இருக்கலாம், மூன்றரைக்கு அருகிலும் இருக்கலாம். எடை, பருமனைவிடத் துல்லியமானது என்ற பொதுவிதி ஐந்து கிராமுக்குக் கீழே கவிழ்ந்துவிடுகிறது. கரண்டியின் எடையை அறிய வேண்டுமானால், பத்துக் கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டு மொத்தமாக எடைபோட்டு, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தேனும் வெண்ணெயும் ஒவ்வொரு முறையும் வேறாக வருகின்றன

தேனின் எண் மாறுவதில்லை. கப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் தேன்தான் மாறுகிறது. 100 கிராம் தேன் என்பது 70 மி.லி., அதாவது நான்கு மேசைக்கரண்டியும் இரண்டு தேக்கரண்டியும். அதை அளக்கும் முன் கரண்டியில் எண்ணெய் தடவிக்கொண்டால் தேன் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். செய்முறையிலேயே எண்ணெய் இருந்தால் முதலில் எண்ணெயை அளந்துவிட்டு, கழுவாமல் அதே கப்பில் தேனை அளங்கள்.

பழுப்புச் சர்க்கரை ஈரமானது. தளர்வாக விட்டால் ஒரு கப்பில் 150 கிராமுக்கு அருகில் நிற்கும், விரலால் அமுக்கி நிரப்பினால் 200 முதல் 220 கிராம் வரை போகும். பட்டியல்களில் தரப்படுவது பெரும்பாலும் அமுக்கிய அளவு.

கெட்டியான வெண்ணெயைக் கப்பில் அடைத்தால் மூலைகளில் காற்று தங்கிவிடும். இதற்குத் தண்ணீரை வைத்து ஒரு வழி இருக்கிறது. அதில் மாற்றக் கணக்கே தேவைப்படாது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தமானது. அளவுக்குவளையில் 300 மி.லி. வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போடுங்கள். வெண்ணெய் மிதக்கும். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். ஆகவே தண்ணீர் 400-க்கு ஏறினால் உள்ளே விழுந்த வெண்ணெய் 100 கிராம். கத்தியால் வெண்ணெயைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டுப் பார்த்தால் கோடு 405 அளவில் காட்டும். அது எடையைக் காட்டுவதில்லை, பருமனைக் காட்டுகிறது. கிராம் வேண்டும் என்பவர் வெண்ணெயைத் தொடாமல் மிதக்க விட வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து, துணியால் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம்.

இதே விதியால் மாவையும் எடைபோட முடியும். உயரமான அளவுக்குவளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை மிதக்க விடுங்கள். அது சாயாமல் நிற்க அடியில் சில நாணயங்களைப் போட்டு, தண்ணீரின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி டம்ளரில் மாவைப் போடப் போட மட்டம் உயரும்; 400-லிருந்து 520-க்கு வந்தால் போட்ட மாவு 120 கிராம். டம்ளர் சுவரில் உரசி நிற்காமலும் அடியைத் தொடாமலும் இருக்க வேண்டும், கோட்டைக் கண்மட்டத்தில் குனிந்து பார்க்க வேண்டும். அகலக் குவளையில் கோடுகள் நெருக்கமாக இருக்கும் என்பதால் பத்துப் பதினைந்து கிராம் தவறலாம். தினமும் செய்யத் தக்க வேலை இதுவல்ல. ஆனால் எடை அச்சிட்ட பை கைவசம் இல்லாதபோது உங்கள் கப்பின் எண்ணைக் கண்டுபிடிக்க ஒருமுறை செய்து பார்க்கலாம்.

அறிகுறி: இரண்டு பட்டியல்கள் இரண்டு எண்ணைச் சொல்கின்றன

ஒன்று மாவுக்கு 120 என்கிறது, மற்றொன்று 127 என்கிறது, மூன்றாவது 150 என்கிறது. எது தவறு என்று தீர்மானிக்கும் முன், ஒவ்வோர் எண்ணையும் அந்தப் பட்டியல் வைத்திருக்கும் கப்பின் மில்லிலிட்டரால் வகுத்துப் பாருங்கள். 120 என்பது 237 மி.லி. கப்புக்கும் 127 என்பது 250 மி.லி. கப்புக்கும் சொல்லப்பட்டிருந்தால், இரண்டுக்கும் விடை 0.51; இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. 150-ஐ 250-ஆல் வகுத்தால் 0.6 வருகிறது, அங்கே மாவை மொண்டு அளந்திருக்கிறார்கள். கப்பின் அளவைச் சொல்லாத பட்டியலை ஒதுக்கிவிடுங்கள். ஒரு செய்முறைக்குள் இரண்டு பட்டியல்களைக் கலக்கவும் வேண்டாம்.

அறிகுறி: கணக்கில் வந்த எண்ணுக்குக் கப் இல்லை

170 கிராம் மாவை 120-ஆல் வகுத்தால் 1.42 கப் வருகிறது. ஒன்றரை என்று முழுமைப்படுத்தினால் 10 கிராம் கூடும். கேக் பொறுத்துக்கொள்ளும், மெல்லிய பிஸ்கட் பொறுக்காது. ஒரு கப்பில் 16 மேசைக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டியில் மூன்று தேக்கரண்டி என்பதை வைத்து மீதத்தை உடைத்துக்கொள்ளலாம். 50 கிராம் மீதத்துக்கு மூன்றில் ஒரு கப் எடுத்தால் 40 கிராம் தீர்ந்தது; ஒரு மேசைக்கரண்டி 7.5 கிராம், ஒரு தேக்கரண்டி 2.5 கிராம். ஆக, ஒரு கப், மூன்றில் ஒரு கப், ஒரு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி. கிராமை முதலில் அவுன்சாக்கி, அதை முழு எண்ணாக்கி, பிறகு கப்பாக்குவது வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும்.

நறுக்கிய பருப்புகள், துருவிய பாலாடைக்கட்டி, கீரைவகைகள் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கை நான் போடுவதே இல்லை. எவ்வளவு பொடியாக நறுக்கினோம் என்பதில் எண் முழுவதும் மாறிவிடும். நல்லவேளையாக அவை கூடினாலும் குறைந்தாலும் பண்டம் கெடுவதில்லை. முட்டையைக் கிராமில் கேட்டால், ஓடு நீக்கிய பெரிய முட்டை ஒன்று 50 கிராம் அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எண்ணிப் போடலாம்.

அறிகுறி: தராசு வாங்கிய பிறகும் பிழை தொடர்கிறது

முதலில் திரையின் மூலையைப் பாருங்கள். மின்னணுத் தராசுகளில் கிராம், அவுன்ஸ், மி.லி. என்று மாற்றும் பொத்தான் இருக்கும், மி.லி. என்பதில் இருந்தால், அது உள்ளே இருப்பது தண்ணீர் அல்லது பால் என்று எண்ணிக்கொண்டு காட்டுகிறது. தேனையோ எண்ணெயையோ அந்த நிலையில் அளந்தால் கிடைப்பது தவறான மில்லிலிட்டர். கிராமிலேயே வைத்துவிட்டு, மாற்றக் கணக்கை நீங்களே போடுங்கள்.

மேடை சமமாக இருக்கிறதா, மின்கலம் வலுவிழந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்ததுதான் பலரும் கவனிக்காதது: சில தராசுகள், மிக மெதுவாகச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவும் பொருளைத் தங்கள் பூச்சிய நிலையின் இயல்பான அசைவு என்று எடுத்துக்கொண்டு கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகின்றன. தூவிக்கொண்டே இருப்பீர்கள், எண் அசையாமல் நிற்கும். அப்போது கிண்ணத்தைத் தூக்கி மீண்டும் வையுங்கள். விடுபட்ட கிராம்கள் உடனே திரையில் வந்துவிடும்.